கோல்கீப்பர் டாக்டர்: மூணு பேர் சொன்னது

எங்க ஊர் கால்நடை டாக்டர் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிச்சவர். படிக்கிற காலத்தில் கல்லூரி கால்பந்து டீமுக்கு அவர்தான் கோல்கீப்பர். இது எனக்குத் தெரிஞ்சது, எங்க ஜெர்சி மாடு கன்னு போட முடியாமல் தவிச்ச ராத்திரியில்.

பனிக்குடம் உடைஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு. மூக்கும் ஒரு முன்னங்காலும்தான் வெளியே தெரியுது. பக்கத்துத் தோட்டத்து ஆளுங்க கயிறு கட்டி இழுக்கத் தயாராயிட்டாங்க. "ஆரும் இழுக்காதீங்க!"ன்னு சத்தம் போட்டுக்கிட்டேதான் டாக்டர் வண்டியை விட்டு இறங்கினார். இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடந்திருக்கு. அப்படியே இழுத்திருந்தா கன்னும் பிழைச்சிருக்காது, மாட்டுக்குக் கருப்பையும் கிழிஞ்சிருக்கும்.

தோள் வரைக்கும் சோப்புத் தண்ணி போட்டு, வழுக்கறதுக்கு பாரஃபின் எண்ணெய் தடவி, கையை உள்ளே விட்டார். மாடு முக்கும்போது கையை அசைக்கவே இல்லை. முக்கல் நின்னதும் கன்னைக் கொஞ்சம் உள்ளே தள்ளி இடம் பண்ணினார். அப்புறம் குளம்பை உள்ளங்கைக்குள்ள பொத்திப் பிடிச்சு, காலை மெதுவா நீட்டி வெளியே கொண்டு வந்தார். குளம்பு நுனி கருப்பையில் உரசிடக் கூடாதுன்னுதான் அந்தப் பிடி. எனக்கு டார்ச் பிடிச்ச கை நடுங்கிச்சு. "கோல்ல நிக்கிறப்பவும் இதேதான் தம்பி. பந்து கிளம்புறதுக்கு முன்னால பாயக் கூடாது" என்றார்.

கிடாரிக் கன்னு. அம்மா தயங்கித் தயங்கி, "ஏனுங் சார், நஞ்சுக்கொடி உழுகாம சீம்பால் குடுக்கலாமுங்களா?"ன்னு கேட்டாங்க. எங்க பக்கம் நஞ்சு விழற வரைக்கும் குடுக்க மாட்டோம். "இப்பவே குடுங்கம்மா. ஒரு மணி நேரத்துக்குள்ள கன்னு வயித்துக்குள்ள போயிரணும். அது ஊட்டினா நஞ்சும் சீக்கிரம் விழும்"னு சொல்லி அவரே கன்னை மடியில் பிடிச்சு விட்டார். கை கழுவும்போதுதான் பார்த்தேன், வலது சுண்டுவிரல் கோணல். மாடு உதைச்சதான்னு கேட்டேன். பெனால்டி தடுத்தப்போ உடைஞ்சதாம்.

---

வேப்பேரி கல்லூரியில அந்த டாக்டருக்கு நான் ரெண்டு வருஷம் ஜூனியர். 1903-ல ஆரம்பிச்ச கல்லூரி அது. காலையில் கிளினிக், சாயங்காலம் கிரவுண்டு. கோல்போஸ்ட் ஓரமா மாட்டுக் கால் எலும்பை வெச்சிருப்பார். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது கண்ணை மூடி அதோட மூட்டுகளைத் தடவிப் பார்ப்பார். முன்னங்கால்ல குளம்புக்கு மேல இருக்கிற ரெண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கும், பின்னங்கால்ல எதிரெதிரா மடங்கும். அதை வெச்சுத்தான் கைக்குக் கிடைச்சது எந்தக் காலுன்னு கண்டுபிடிக்கணும். மாட்டுக்குள்ள கையை விட்டா விரல்தான் கண்ணுன்னு எங்களுக்கு அவர்தான் சொல்லிக் குடுத்தார்.

---

எங்க ஊர்ப் பசங்களுக்கு டாக்டர் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து கோச்சிங் குடுப்பார், என் பையனும் போவான். ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவுல என் பையன் முழங்காலில் கீறல் பார்த்து என்னன்னு கேட்டிருக்கார். தெருநாய்க்குட்டி கீறினதாம். வீட்டில் எங்ககிட்ட அவன் சொல்லவே இல்லை. விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்திட்டு, மோட்டார் ரூம் குழாயடியில் உட்கார வெச்சு, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவினார். பையன் அழுதும் விடலை. நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடிக்கான முதல் ஊசி. அப்புறம் 3, 7, 28-ம் நாள். நான் வேலைக்குப் போயிருந்ததால் கடைசி ஊசிக்கு அவரே வண்டியில் கூட்டிட்டுப் போனார்.