பின் தகடு வெல்டிங்கில் பம்பர் வளைந்துவிட்டது, பிராக்கெட் சேஸிஸில் ஏறவில்லை

கேள்வி:
4 மிமீ எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டில் முன் பம்பர், நீளம் 1500 மிமீ. முகப்பு, மேல், கீழ்த் தகடுகளைச் சேர்த்தவரை நேராகத்தான் இருந்தது. பின் தகட்டின் இரு விளிம்புகளிலும் நிறுத்தாமல் முழு நீளத்துக்கு மிக் வெல்டிங் (வாயுக் காப்பில் கம்பி உருக்கிப் பற்றவைப்பது) போட்டேன். ஆறியதும் முனைகள் வண்டிப் பக்கமாக 8 மிமீ வந்துவிட்டன. சேஸிஸின் வெளிப்பக்கம் ஏற வேண்டிய பிராக்கெட்டுகளின் நுனி இடைவெளியும் 3 மிமீ குறைந்துவிட்டது. ஜாக்கி வைத்து விரித்துவிடலாமா? பிற்பாடு இதில் வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் கருவி) வரும்.

பதில் 1:
விரித்தால் ஏறிவிடும். ஆனால் அந்த இறுக்கம் பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்திலேயே தங்கும், வின்ச் இழுக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பிராக்கெட் மேல் பழி இல்லை. பின்பக்க வெல்டிங் ஆறும்போது சுருங்கிப் பம்பரை வில்லாக இழுத்திருக்கிறது. பிராக்கெட் அதோடு சேர்ந்து சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பம்பரை நிமிர்த்தினால் அந்த 3 மிமீ தானாக வந்துவிடும்.

கேட்டவர்:
நிமிர்த்துவது எப்படி? சுத்தியலா?

பதில் 1:
சூடு. பம்பரைக் கழற்றித் தரையில் வையுங்கள். நாலு பக்கமும் மூடிய பெட்டி என்பதால் முதலில் அடித்தகட்டில் 10 மிமீ ஓட்டை நான்கு போடுங்கள். சூடான காற்று வெளியேற வழி வேண்டும், பிற்பாடு மழைத் தண்ணீரும் அதில்தான் வடியும். முகப்பில் மேலிருந்து கீழாக விரல் அகலப் பட்டையை ஆக்ஸி அசிட்டிலின் டார்ச்சால் மங்கிய சிவப்பு வரும்வரை சுடுங்கள். அதே இடத்தில் மேல், கீழ்த் தகடுகளில் ஆப்பு வடிவம்: அகலப் பக்கம் முகப்பை நோக்கி, கூர் பின்னோக்கி. தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆற விடுங்கள். கை வைக்கும் சூட்டுக்கு வந்தபின் நூல் கட்டி அளந்துவிட்டு அடுத்த இடம். நடுவில் தொடங்கி இருபுறமும் மாறி மாறிப் போங்கள். அவசரப்பட்டு மூன்று இடத்தை ஒன்றாகச் சுட்டால் எதிர்ப்பக்கம் வளைந்துவிடும்.

பதில் 2:
டார்ச் இல்லையென்றால் பின் தகட்டு வெல்டிங்கை 1 மிமீ கட்டிங் டிஸ்க்கால் அறுத்து எடுத்துவிடுங்கள். பாதி வளைவு அப்போதே விடும். பிறகு கனமான சேனலில் கிளாம்ப் போட்டுக் கட்டி, 75 மிமீக்கு ஒரு டேக் (பிடித்து நிறுத்தும் சின்ன வெல்டிங் புள்ளி). அப்புறம் 40 மிமீ துண்டு துண்டாக, மேல் விளிம்பில் ஒன்று, கீழ் விளிம்பில் ஒன்று. முழுதும் ஆறும்வரை கிளாம்பைத் தொடாதீர்கள். பின் தகட்டுக்குத் தொடர் வெல்டிங்கே தேவையில்லை, விட்டுவிட்டுப் போட்டு இடைவெளியை சீலண்டால் அடைத்தால் போதும்.

பிராக்கெட்டை முதலிலேயே பற்ற வைத்ததும் தவறு. அதைச் சேஸிஸில் போல்ட் போட்டு நிறுத்தி, பம்பரை ஜாக்கியில் தாங்கி, அங்கேயே டேக் அடிக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை டேக் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். இறக்கும் முன் இரண்டு பிராக்கெட்டுக்கும் குறுக்கே ஒரு ஆங்கிள் பட்டையை டேக் அடியுங்கள், இடைவெளி மாறாது.

கேட்டவர்:
நேற்று மூன்று இடம் சுட்டதில் 8 மிமீ 2 ஆனது. பிராக்கெட் ஏறுகிறது. மேல் ஓட்டை மட்டும் 1 மிமீ தள்ளி நிற்கிறது.

பதில் 2:
அந்த 2 மிமீயை விட்டுவிடுங்கள். எம்12 போல்டுக்கு 14 மிமீ ஓட்டை போட்டால் 1 மிமீ சரியாகிவிடும். போல்டின் வலிமை கிரேடு 8.8, இருபுறமும் கனமான வாஷர். சேஸிஸ் பெட்டி வடிவம் என்றால் உள்ளே ஸ்லீவ் குழாய் (போல்ட் நுழையும் தாங்கு குழாய்) இல்லாமல் முறுக்காதீர்கள், சேஸிஸ் நசுங்கும், போல்டும் லூஸாகும். சேஸிஸ் முனையில் மோதலில் நசுங்குவதற்கென்று கம்பெனி வைத்த துண்டு இருந்தால் அதை வெட்டி எடுக்க வேண்டாம், ஏர்பேக் சென்சார் கணக்கு அதையும் சேர்த்துத்தான்.