அடித்தளக் கிடங்கில் கிடந்த ஆய்வேடு: உங்கள் ஆய்வுக்கு நூலகம் என்ன செய்தது?

கல்லூரி நூலகர்:

என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு மாணவி வந்தார். நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது பற்றிய ஆய்வு. "இதில் இதற்கு முன் யாராவது வேலை செய்திருக்கிறார்களா?" என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து இரண்டு நாள் தேடினோம். எங்கெங்கோ எழுதிய கட்டுரைகள் எல்லாம் வந்தன. மூன்றாம் நாள் வேறு வேலையாக அடித்தளக் கிடங்குக்குப் போனேன். கறுப்பு அட்டை போட்ட ஆய்வேடுகளின் வரிசையில் ஏறக்குறைய அதே தலைப்பு கண்ணில் பட்டது. எங்கள் கல்லூரியிலேயே 11 ஆண்டுகளுக்கு முன் சமர்ப்பித்தது! நூலகப் பட்டியலில் பாதித் தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு, அவ்வளவுதான். ஆய்வுச் சுருக்கம் இல்லை, பொருள் தலைப்பு இல்லை. தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழுந்திருக்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்' என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே விதி வகுத்துவிட்டார். அதை எழுதித்தான் நாங்களெல்லாம் தேர்வில் மதிப்பெண் வாங்கினோம். வாசகர் என் மேசைக்கு எதிரே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார், நூல் எங்கள் காலுக்குக் கீழே இருந்தது.

அதன் பிறகுதான் கல்லூரி ஆய்வுகளை இணையத்தில் வைக்கும் மின்காப்பகம் தொடங்கினோம். டிஸ்பேஸ் மென்பொருள், 2002-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நூலகமும் ஹெச்.பி. நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது, உரிமக் கட்டணம் கிடையாது. ஏற்றிவிட்டால் உலகம் படிக்கும் என்று நம்பினோம். ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஆய்வுகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் எங்கள் ஆய்வேடுகள் பெரும்பாலும் வரவே இல்லை. பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றியிருந்தோம். தேடுபொறியைப் பொறுத்தவரை அவை வெறும் படங்கள். அதுபோக, 5 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஸ்காலர் எடுத்துக்கொள்வதில்லை. எங்களுடையவை 60, 80 எம்.பி.! எல்லாவற்றையும், படத்தில் உள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரியில் ஓட்டி, அளவைக் குறைத்து மறுபடி ஏற்றினோம். எழுத்துணரி பிழை விடும் என்பதால் ஆய்வுச் சுருக்கத்தையும் பொருளடக்கத்தையும் மட்டும் கையால் தட்டச்சு செய்தோம். ஒரு கோடை விடுமுறை முழுக்க அதற்கே போனது. போனால் போகட்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். நல்லதும் எழுதுங்கள், கசந்ததும் எழுதுங்கள்.

ஆய்வு மாணவி:

ஐயா, என்னுடையது பெயர்ச் சிக்கல். நான்கு கட்டுரைகள் வெளியாகியிருந்தன. ஒன்றில் முதலெழுத்து பெயருக்கு முன்னால், ஒன்றில் பின்னால். மற்ற இரண்டில் முதலெழுத்தை விரித்து அதையே என் பெயராக்கி, என் பெயரைச் சுருக்கிவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸில் நான் மூன்று ஆட்களாக இருந்தேன். ஒரு நேர்காணலில், "நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள், இங்கே ஒன்றுதானே காட்டுகிறது?" என்று கேட்டார்கள். பொய் சொன்னவளைப் போலக் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

நூலகத்தில் போய்ச் சொன்னேன். அந்த அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அரை மணி நேரத்தில் ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் எடுத்துக் கொடுத்தார். 16 இலக்கம், 2012-லிருந்து இருக்கிறது, பணம் கட்ட வேண்டியதில்லை. நிறுவனம் மாறினாலும் பெயர் மாறினாலும் எண் மாறாது. பிறகு மூன்று 'நான்'களையும் ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு விண்ணப்பமும் அவரே போடவைத்தார். எனக்கு ஒரே ஆதங்கம், இதை முதல் கட்டுரை அனுப்பும் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். இப்போது எங்கள் நூலகத்தில் புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள்.

பேராசிரியர்:

காப்பகத்தில் கட்டுரையை ஏற்றச் சொல்லி நூலகர் மூன்று முறை கடிதம் அனுப்பினார். நான் பதில் போடவில்லை. பதிப்புரிமையை ஆய்விதழுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, ஏற்றினால் வம்பு வரும் என்று பயம். நான்காம் முறை அவரே என் அறைக்கு வந்துவிட்டார். "சார், உங்கள் கட்டுரைகளின் பட்டியலை மட்டும் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஒவ்வோர் ஆய்விதழின் விதியையும் ஷெர்பா ரோமியோ தளத்தில் பார்த்து, எதை ஏற்றலாம், எதற்கு எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொண்டுவந்தார்.

அப்போதுதான் எனக்கே ஒரு விஷயம் புரிந்தது. அச்சாகி வந்த வடிவத்தைத்தான் பல ஆய்விதழ்கள் ஏற்ற விடுவதில்லை. மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்களைச் செய்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட நம் கைப்பிரதியை ஏற்றப் பெரும்பாலானவை அனுமதிக்கின்றன. சோகம் என்னவென்றால், 23 கட்டுரைகளில் 9-க்குத்தான் அந்தக் கைப்பிரதி என்னிடம் இருந்தது. மற்றவை பழைய கணினியோடு போய்விட்டன. இளையவர்களே, தயவுசெய்து அந்தக் கோப்பை அழிக்காதீர்கள். ஏற்பு மடல் வந்த அன்றே நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

ஏற்றிய ஒன்பதில் ஒன்றைப் படித்துவிட்டு ஒரு பள்ளி ஆசிரியர் எனக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆய்விதழுக்குச் சந்தா கட்ட அவர் பள்ளியால் முடியாது. வகுப்பில் அந்தச் சோதனையைச் செய்துபார்த்ததாகவும், மூன்றாம் படி புரியவில்லை என்றும் கேட்டிருந்தார். இத்தனை ஆண்டுகளில் என் வேலையைப் பற்றி எனக்கு வந்த மிக நல்ல கேள்வி அதுதான்.

இளநிலை மாணவர்:

எங்கள் நூலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை 3 நிமிட உரை வைப்பார்கள். ஒரே ஒரு ஸ்லைடு, 3 நிமிடம், அதற்குள் ஆய்வைச் சொல்லி முடிக்க வேண்டும். 2008-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர்களுக்காகத் தொடங்கிய போட்டி இது. அங்கே வறட்சிக் காலத்தில் குளிப்பதைச் சுருக்க 3 நிமிட மணற்கடிகாரம் வைத்திருந்தார்களாம், அதைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்றார் எங்கள் நூலகர். எங்களுக்காக அதை இளநிலைக்கும் திறந்துவிட்டார்.

வாசிப்புக் கூடத்திலேயே நின்று பேசினேன். குரல் நடுங்கியது. தற்செயலாக நாளிதழ் படிக்க வந்த வேறு துறை ஆசிரியர் ஒருவர், "உன் தரவை இன்னொரு வழியிலும் பகுக்கலாமே" என்று சொல்லி அழைத்துப்போனார். இப்போது அவரோடுதான் வேலை செய்கிறேன்.

இன்னொரு கல்லூரி நூலகர்:

கசந்ததை நான் எழுதுகிறேன். முன்பு ஓரிடத்தில் பணி செய்தேன். ஆசிரியர்கள் எழுதிய நூல்களை நுழைவாயிலில் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டியிருந்தோம். சாவி அலுவலகத்தில். ஒரு மாணவர் படிக்கக் கேட்டபோது, "அது காட்சிக்கு" என்று நானே சொல்லியிருக்கிறேன். இன்று நினைத்தாலும் வலிக்கிறது. இப்போது இருக்கும் இடத்தில் திறந்த அலமாரிதான். ஒவ்வொரு நூலிலும் ஆசிரியரே எழுதிய ஒரு பத்தி, எதைத் தேடி இதை எழுதினேன் என்று.

இன்னொன்று, போலி ஆய்விதழ்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று மடல் வரும். அவசரத்தில் இருக்கும் மாணவர் ஏமாந்துவிடுவார். எங்களிடம் வந்தால் மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர்கள் உண்மையானவர்களா, திறந்த அணுகல் ஆய்விதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யில் அந்த இதழ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம். பணம் கட்டிய பிறகு வருகிறவர்களுக்கு எங்களால் அதிகம் செய்ய முடிவதில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறவும் விடமாட்டார்கள்.

பதிவிறக்க எண்ணிக்கையைப் பலகையில் எழுதிப் போடும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். சிறிய துறையில் இருப்பவர்கள் மனம் சோர்ந்தார்கள். பத்துப் பேர் மட்டுமே படிக்கும் துறையில் எட்டுப் பேர் படித்தால் அது பெரிது.

முனைவர் பட்ட ஆய்வாளர்:

சுருக்கமாக: என் கள ஆய்வுத் தரவுகளை செனோடோவில் ஏற்ற நூலகம் உதவியது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு மையம் 2013-லிருந்து நடத்தும் இணையக் களஞ்சியம். தரவுக்கே டி.ஓ.ஐ. என்ற தனி நிலையான அடையாள எண் கிடைத்தது. ஏற்றும் முன் பேட்டி கொடுத்தவர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் நீக்கச் சொன்னவரும் நூலகர்தான். எனக்கு அது தோன்றவே இல்லை.

கல்லூரி நூலகர்:

எல்லோருக்கும் நன்றி. கிடங்கில் கிடந்த அந்த ஆய்வேடு என்ன ஆயிற்று என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள்.

காப்பகத்தில் ஏற்ற அனுமதி வேண்டும் என்பதால் அதை எழுதியவரைத் தேடினோம். அவர் ஆய்வையே விட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார். தொலைபேசியில் விவரம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அதை இன்னும் வைத்திருக்கிறீர்களா?" என்றார். ஒரு மாணவி அதைத் தேடி வந்ததைச் சொன்னேன். அனுமதிக் கடிதம் மறுநாளே வந்தது. கூடவே ஒரு தாள்: ஆறாம் அட்டவணையில் இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கின்றன, சமர்ப்பித்த பிறகுதான் கவனித்தேன், அதைச் சரிசெய்யாமல் போட வேண்டாம் என்று. தன் பிரதியில் பென்சிலால் குறித்து 11 ஆண்டுகளாக வைத்திருந்திருக்கிறார்.

அந்தத் தாளையும் ஆய்வேட்டோடு சேர்த்தே ஏற்றியிருக்கிறோம். அந்த மாணவி இப்போது அவரோடு நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.