சேர்க்கை முடிவு: போர்ட்டல் திறக்கவில்லை, நண்பனுக்கு மட்டும் முன்பே வந்துவிட்டது. உதவுங்கள்

தூங்காதவன்

வணக்கம். நான் விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முடிவு இன்று வெளியாகிறது. என் கணக்குப்படி இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. ஆனால் அதே பாடத்துக்கு விண்ணப்பித்த நண்பன் அரை மணி நேரத்துக்கு முன்பே "கிடைச்சிருச்சு" என்று செய்தி அனுப்பிவிட்டான். அப்போதிலிருந்து ரிஃப்ரெஷ் செய்துகொண்டே இருக்கிறேன். முதலில் 503 என்று வந்தது, பிறகு 429. நடுவில் ஒரே ஒரு முறை உள்ளே போக முடிந்தது. அங்கே "விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்ற பழைய வரிதான் இருந்தது. அடுத்த நொடியே "அமர்வு காலாவதியானது" என்று வெளியே தள்ளிவிட்டது. லேப்டாப்பில் நான்கு டேப், போனில் ஒன்று திறந்து வைத்திருக்கிறேன்.

இடம் கிடைத்தவர்களுக்கு முதலில் சொல்லிவிட்டு மற்றவர்களைக் கடைசியில் பார்த்துக்கொள்வார்களா? நேற்று மெனுவில் இல்லாத "விடுதி விண்ணப்பம்" இன்று தெரிகிறதே, அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா? முகவரிப் பட்டையில் கடைசிச் சொல்லை மாற்றினால் முடிவு முன்பே தெரியும் என்று ஒருவர் சொன்னார். செய்து பார்க்கலாமா? கை நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சர்வர்க்காரன்

தம்பி, முதலில் ரிஃப்ரெஷ் பொத்தானிலிருந்து கையை எடுங்கள்.

503 என்றால் சர்வரால் இப்போதைக்கு முடியவில்லை என்று அர்த்தம். அதற்கும் உங்கள் விண்ணப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. இந்த நேரத்தில் உள்ளே வரப் பார்க்கும் எல்லோருக்கும் அதுதான் வரும். 429 மட்டும் உங்களுக்கே உங்களுக்கானது. குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறித் தட்டிவிட்டீர்கள், கொஞ்சம் ஓய்ந்திருங்கள் என்கிறது. அதற்கு அப்புறமும் தட்டினால் சில தளங்களில் தடை இன்னும் நீளும். போன் அதே வைஃபையில் இருந்தால் அந்தக் கணக்கும் உங்கள் தலையில்தான் விழும், ஏனென்றால் வெளியே இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரிதான் (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்).

நான்கு டேப் திறந்தால் வாய்ப்பு நான்கு மடங்கு ஆகாது. ஒரே பிரவுசரில் எல்லா டேப்புக்கும் ஒரே குக்கிதான், அதாவது நீங்கள் யார் என்று தளத்துக்குச் சொல்லும் சிறு குறிப்பு. ஒன்றில் புதிதாக உள்நுழைந்தால் மற்ற மூன்றும் செத்துப்போன அமர்வைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். உங்களை வெளியே தள்ளியது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கால் மணி நேரம் வேறு ஏதாவது செய்யுங்கள். பிறகு ஒரு பிரைவேட் விண்டோவில் ஒரே ஒரு டேப் திறங்கள். புக்மார்க் வேண்டாம், அதில் பழைய உள்பக்க முகவரி சேமிக்கப்பட்டிருந்தால் மறுபடியும் இதே கதைதான். முகப்புப் பக்கத்திலிருந்து உள்ளே போங்கள்.

ரகசியவழி

முகவரியை மாற்றுவது சில இடங்களில் வேலை செய்யும் ப்ரோ. பேஜ் சோர்ஸையும் (பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரல்) ஒரு முறை பாருங்கள், உள்ளே ஏதாவது ஒளிந்திருக்கும்.

மூன்று பருவம் பார்த்தவள்

ரகசியவழி, தயவுசெய்து இப்படிச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

தூங்காதவன், இது பழைய கதைதான், தெரிந்துகொள்ளுங்கள். 2005 மார்ச்சில் அமெரிக்க வணிகப் பள்ளிகள் பல ஒரே விண்ணப்ப மென்பொருளைப் பயன்படுத்தி வந்தன. முகவரியை எப்படி மாற்றினால் முடிவு தெரியும் என்று ஒருவர் இணையத்தில் எழுதிவிட்டார். சில மணி நேரத்தில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் முயன்று பார்த்தவர்களின் தடம் பதிவாகியிருந்தது. ஹார்வர்ட் வணிகப் பள்ளி மட்டும் 119 பேரை நிராகரித்தது. அவர்களில் பலருக்குத் திரையில் தெரிந்தது வெறும் வெள்ளைப் பக்கம். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்ததற்காக இடம் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் ஒரு சேர்க்கை அலுவலகத்தில் மூன்று பருவம் தற்காலிக வேலை பார்த்தவள். நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். கடிதங்கள் எல்லாம் சில நாள் முன்பே ஏற்றப்பட்டுவிடும். குறித்த நேரத்தில் அவற்றைத் திறந்துவிடுவதுதான் வெளியீடு. மின்னஞ்சல்கள் தொகுதி தொகுதியாகப் போவதால் சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே வரும். அந்த வரிசையில் எந்த ரகசியமும் இல்லை. விடுதி இணைப்பும் அப்படித்தான். யாரோ ஓர் ஊழியர் மெனுவை மாற்றியிருப்பார், அது எல்லோருடைய திரையிலும் தெரியும். எங்களுக்கு அந்த இணைப்பைப் பற்றிக் கேட்டு வந்த அழைப்புகளுக்குக் கணக்கே இல்லை. பாவமாக இருக்கும், ஆனால் எதுவும் சொல்லக் கூடாது.

தூங்காதவன்

நன்றி அக்கா, நன்றி அண்ணா. முகவரியைத் தொடவில்லை. ஆனால் வேறு வம்பு. பிரைவேட் விண்டோவில் கடவுச்சொல் கேட்டது, மூன்று முறை தப்பாகப் போட்டுவிட்டேன். "மறந்துவிட்டேன்" கொடுத்தால் மின்னஞ்சல் வரவில்லை, அதனால் நான்கு முறை அழுத்தினேன். இப்போது நான்கும் சேர்ந்து வந்திருக்கின்றன. முதல் இணைப்பைத் திறந்தால் செல்லாது என்கிறது.

பழைய சர்வர்க்காரன்

கடைசியாகக் கேட்டதன் இணைப்பை மட்டும் திறங்கள். புதிது ஒன்று கேட்டவுடன் முந்தையவை பொதுவாகச் செல்லாமல் போய்விடும். வந்து சேரும் வரிசை மாறலாம், ஆகவே நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கணக்கு பூட்டப்பட்டதாகச் சொன்னால் சொன்ன நேரம் வரை தொடாதீர்கள்.

கடிகாரக் கிறுக்கன்

கேட்க மறந்துவிட்டோம். "இன்னும் இருபது நிமிடம்" என்ற கணக்கை எப்போது போட்டீர்கள்?

பல்கலைக்கழகம் சொல்வது பெரும்பாலும் அதன் ஊர் நேரம். கோடை நேரம் வைத்திருக்கும் நாடுகள் பலவற்றில் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் அது மார்ச் இரண்டாவது ஞாயிறு, ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணி நேர இடைவெளி 4 ஆகிவிடும். நீங்கள் இருக்கும் இடத்தில் கடிகாரம் மாறாமல் பல்கலைக்கழகத்தின் ஊரில் மாறியிருந்தால், முடிவு நீங்கள் நினைத்ததற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்திருக்கும். உங்கள் நண்பனுக்கு "முன்பே" வந்ததாகச் சொன்னீர்களே, அந்தக் கணக்கு இதோடு பொருந்துகிறது.

தூங்காதவன்

ஐயோ. பிப்ரவரியில் போட்ட கணக்கு, காலண்டரில் எழுதி வைத்ததோடு சரி. இப்போது தேடிப் பார்த்தேன், சரியாக ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டிருக்கிறேன். அப்படியானால் எனக்கும் எப்போதோ வந்திருக்க வேண்டுமே? நான் உள்ளே போனபோது "பரிசீலனையில்" என்று இருந்ததே?

மூன்று பருவம் பார்த்தவள்

முகப்பில் இருக்கும் அந்த நிலை வரியை நம்பாதீர்கள். எங்கள் அமைப்பில் கடிதம் ஓரிடம், அந்த வரி இன்னோரிடம். வரி மறுநாள் காலையில்தான் மாறும். "கடிதங்கள்", "செய்திகள்", "ஆவணங்கள்" என்று எது இருந்தாலும் திறந்து பாருங்கள். இன்னொன்று, வாழ்த்து மின்னஞ்சல் மட்டும் வந்தால் அதை வைத்துக் கொண்டாடாமல் போர்ட்டலில் உள்ள கடிதத்தைப் படியுங்கள். 2009இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம், ஏற்கெனவே நிராகரித்த சுமார் 28,000 பேருக்குத் தவறுதலாக வாழ்த்து அனுப்பிப் பின்னர் மன்னிப்புக் கேட்டது.

தூங்காதவன்

உள்ளே போய்விட்டேன். "ஆவணங்கள்" பகுதியில் இருந்தது. நேரம் பார்த்தேன், நான் முதல் 503ஐப் பார்ப்பதற்கு முன்பே ஏற்றியிருக்கிறார்கள்.

காத்திருப்போர் பட்டியல்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. நண்பனுக்கு இன்னும் சொல்லவில்லை.

மூன்று பருவம் பார்த்தவள்

இன்றே சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆனால் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். பட்டியலில் நீடிக்க விரும்புகிறேன் என்று நீங்களாக உறுதிசெய்ய வேண்டியிருக்கலாம், அதற்குக் கடைசி நாளும் இருக்கலாம். தலைப்பைப் பார்த்துவிட்டு மூடியவர்கள் அதைத் தவறவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அதே நேரம், வேறு எங்காவது இடம் கிடைத்திருந்தால் அதன் கெடுவையும் விடாதீர்கள். இது நகருமா என்று யாராலும் சொல்ல முடியாது, எங்களாலேயே முடியாது. ஏற்கெனவே இடம் கிடைத்தவர்கள் எத்தனை பேர் வேண்டாம் என்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தூங்காதவன்

இருந்தது, இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில். உறுதிசெய்துவிட்டேன், ஒரே ஒரு முறைதான் அழுத்தினேன். உறுதி மின்னஞ்சல் வரவில்லையே என்று பத்து நிமிடம் பதறினேன். ஸ்பாமில் கிடக்கிறது.