வெள்ளவத்தை வீடும் அனெக்ஸில் இருந்த மாஸ்டரும்

"ஆர் வாங்கினது, ஆர் வித்தது எல்லாம் கண்டுபிடிச்சிட்டாய். மாஸ்டருக்கு என்ன நடந்தது எண்டு சொல்லு பாப்பம்."

போன மாதம் அம்மா இப்படிக் கேட்டபோது என் மடியில் ஒரு தடித்த ஃபைல் இருந்தது. காணி உறுதிப் பத்திரங்களின் பிரதிகள், அளவைப் படம், காணிப் பதிவக ஏடுகளின் பிரதி, பழைய பத்திரிகைத் துண்டுகள் என்று ஒரே ஒரு வீட்டுக்காக இரண்டு வருடமாகச் சேர்த்தவை எல்லாம் அதில் இருந்தன. மாஸ்டர் மட்டும் இல்லை.

வீடு வெள்ளவத்தையில், டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. அம்மாவுக்கு அந்த வீதி இன்றைக்கும் ஹை ஸ்ட்ரீட்தான். அறுபதுகளின் நடுவில் அம்மப்பா அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார். தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983 ஜூலை 25, திங்கட்கிழமை வரை குடும்பம் அங்கேதான் இருந்தது. அதற்குப் பிறகு அம்மா அந்த ஒழுங்கைக்குள் கால் வைக்கவில்லை. இப்போது நாங்கள் இருப்பது அங்கிருந்து பத்து நிமிட நடை. ஆனாலும் சந்தைக்குப் போய் வருகிறபோது சுற்றி வேறு வழியால்தான் வருவா.

தேடத் தொடங்கியபோது நான் விட்ட முதல் பிழை, கேற்றில் இப்போது இருக்கிற இலக்கத்தை நம்பிப் போனது. அந்த இலக்கத்தை வைத்துத் தேடியதில் மூன்று கிழமை வேறொருவருடைய வீட்டின் சரித்திரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் வீதிப் பெயர்கள் மாறியதை எல்லாரும் அறிவோம். டாலி றோட் ரி. பி. ஜாயா மாவத்தை ஆனது போல. வீட்டு இலக்கங்களும் மாறியிருக்கின்றன என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். காணி பிரிபட, பின்பக்கம் இன்னொரு வீடு எழும்ப, ஒன்று இரண்டாகி அதற்கு மேல் ஒரு கோடும் போட்டு எண் வரும்.

பழைய இலக்கம் கிடைத்தது கொக்குவிலில். வெள்ளவத்தை வீட்டிலிருந்த கடதாசிகள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. அம்மப்பா தன் தங்கச்சிக்குப் போட்ட தபாலட்டைகள் தப்பியிருந்தன. மாமி அவற்றை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் வைத்திருந்தா. அட்டையின் ஓரத்தில், சிறிய எழுத்தில், நீல மையில் வீட்டு இலக்கமும் ஹை ஸ்ட்ரீட் என்ற பெயரும் இருந்தன. மேலே வெள்ளவத்தைத் தபாற்கந்தோரின் குத்து. எழுதியிருந்த செய்தி இரண்டே வரி: பனங்கிழங்கு கிடைத்தது, பிள்ளைகள் சுகம். அந்த அட்டையை மாநகர சபையின் வரிமதிப்புப் பகுதியில் காட்டினேன். அங்கிருந்த ஐயா பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் பொருத்தித் தந்தார். சோலைவரிப் பதிவில் பெயர் இருந்தால் அவர்தான் சொந்தக்காரர் என்று எடுத்துவிட வேண்டாம் என்றும் சொன்னார். வரி கட்டுகிறவரின் பெயர் அது. உரித்தைப் பார்க்கக் காணிப் பதிவகத்துக்குத்தான் போகவேண்டும்.

அப்பாவின் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற நொத்தாரிசு, உறுதி எழுதி முடிக்கிறவர். அவர் கூட வந்திருக்காவிட்டால் எனக்கு ஏடு வாசிக்கத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம் திறந்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர், பெற்றவர், உறுதியின் தன்மை, இலக்கம், திகதி, முடித்த நொத்தாரிசு, பெறுமதி என்று நிரல் நிரலாகப் போகிறது. பக்கம் நிரம்பினால் அடுத்த தொகுதியின் இலக்கத்தைக் குறித்திருப்பார்கள். அங்கே போனால், எங்கிருந்து வந்தது என்று முந்தியதைக் காட்டும் குறிப்பு இருக்கும். அப்படியே கயிறு பிடித்துப் பின்னால் போகவேண்டியதுதான். வீடு வாங்குகிறவர்களுக்கு முப்பது வருடம் பார்த்தால் போதும் என்றார் அங்கிள். எனக்கு அது காணாது.

காணியின் பெயரைப் பார்த்ததும் மனம் நின்றுவிட்டது. அம்பகஹவத்த. மாமரத்துத் தோட்டம். ஒழுங்கை வருவதற்கு முன், வீடுகள் எழும்புவதற்கு முன், அங்கே தோட்டம் இருந்திருக்கிறது. இலக்கமும் வீதிப் பெயரும் மாறிய பிறகும் உறுதியில் அந்தத் தோட்டம் அப்படியே இருக்கிறது. அம்மாவைக் கேட்டேன். மாமரம் ஒன்றும் ஞாபகமில்லையாம். கிணற்றடியில் ஒரு ஜம்பு மரம் நின்றதாம்.

தேடுகிறவர்கள் எல்லைகளைத் தவறவிடாதீர்கள். வடக்கே இன்னாரின் ஆதனம், கிழக்கே ஒழுங்கைக்கு ஒதுக்கிய நிலம், தெற்கே இன்னாரின் தோட்டம் என்று உறுதியின் அட்டவணையில் எழுதியிருக்கும். நாலு அயலவர்கள் அங்கே நிற்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரரைக் காணாவிட்டால் அயலவரைத் தேடுங்கள். தெற்குப் பக்கத்து வீட்டின் ஏட்டில் ஓரிடத்தில் தேசிய வீடமைப்பு ஆணையாளர் என்று இருந்தது. 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தின் வேலை அது. வரம்புக்கு மேல் வீடு வைத்திருந்தவர்களின் மிச்ச வீடுகள் ஆணையாளரிடம் போய், குடியிருந்தவர்களே வாங்கக்கூடிய வழி வந்தது. அப்படி வீட்டுக்காரரானவர்தான் தெற்கு வீட்டில் இருந்த சிங்கள ஐயா. அவருடைய பெயர் பிறகும் வரும், வேறு காரணத்துக்காக.

எங்கள் வீட்டின் கதை இப்படிப் போகிறது. முதலில் ஒரு பறங்கிக் குடும்பம், ஐரோப்பியர் வழிவந்தவர்கள். தனிச் சிங்களச் சட்டம் 1956இல் வந்த பிறகு பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள், இவர்களும் விற்றுவிட்டுப் போனார்கள். ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் குடும்ப வம்சாவளிகள் அச்சாகியிருக்கின்றன. அதைப் பிடித்துப் போய் மெல்பேர்னில் ஒரு மூதாட்டியைக் கண்டுபிடித்தேன். சிறுமியாக இருந்தபோது அந்த வீட்டில் வளர்ந்தவர். பதில் மின்னஞ்சலில் அவர் கேட்ட முதல் கேள்வியே ஜம்பு மரம் நிற்கிறதா என்பதுதான். இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரு மரம் கிடைத்ததில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவர்களிடமிருந்து வாங்கியவர் யாழ்ப்பாணத்து அரசாங்க உத்தியோகத்தர். சில வருடங்களில் மகளுக்குச் சீதன உறுதி முடித்திருக்கிறார். முழு ஏட்டிலும் ஒரு பெண்ணின் பெயர் வாங்குபவர் பக்கத்தில் வருகிற முதல் இடம் அது. அவதான் அம்மப்பாவின் வீட்டுக்காரி. அவவைக் கண்டுபிடிக்க உதவியது மரண அறிவித்தல். வீரகேசரி 1930இலிருந்து வருகிறது. அதன் பழைய இதழ்களைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும், எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலைப்போல ஒரு குடும்ப இடாப்பு வேறில்லை. "பிறப்பிடமாகவும், கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், பிள்ளை கனடா, மருமகன் லண்டன் என்று உலகம் முழுக்கப் போய் வரும். காணி ஏட்டில் பெயரும் திகதியும்தான் கிடைக்கும். பிறந்த ஊரும் உறவும் அறிவித்தலில்தான் இருக்கின்றன. அப்படித்தான் அவவின் மகளோடு கதைக்க முடிந்தது. எரிந்த வீடு முதலில் அரசின் கைக்குப் போய், ரெப்பியா என்ற, கலவரத்தில் பாதிக்கப்பட்ட ஆதனங்களைப் பொறுப்பெடுத்த அரச அதிகாரசபைக்கு எழுதி எழுதி மீட்டதாம். தொண்ணூறுகளில் லண்டனிலிருந்து அற்றோணித் தத்துவம், அதாவது தங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரம், கொடுத்து விற்றார்களாம். "அம்மா அந்த வீட்டில ஒரு நாளும் படுத்ததில்லை, தெரியுமோ? தன்ர பெயரில ஒரு வீடு இருக்கெண்டு சொல்லுறதுதான் அவவுக்கு" என்றா.

இப்போது அங்கே இருப்பது ஒரு முஸ்லிம் குடும்பம். முதல் தரம் நான் கேற்றைத் தட்டியபோது உள்ளே விடவில்லை. பிழை என்னுடையது. ஃபைலோடு போய் நின்றால் யாரும் பயப்படுவார்கள்தானே. பழைய ஆட்கள் உரிமை கேட்டு வந்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். இரண்டாம் தரம் ஃபைலை வீட்டில் வைத்துவிட்டு, அந்தத் தபாலட்டையை மட்டும் கொண்டுபோனேன். "காணி கேட்டு வரேல்லை அன்ரி, அம்மா இஞ்ச இருந்தவ" என்றேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு, "அம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றா.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஐந்து மாதம் பிடித்தது.

அம்மாவோடு அங்கே போன அன்றைக்கு வீட்டுக்கார அன்ரியின் மச்சான் ஒருவரும் வந்திருந்தார். வீடு 1865இல் கட்டியது என்று அடித்துச் சொன்னார். கூரை ஓட்டில் அப்படித்தான் பொறித்திருக்கிறது. அது மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். அவர்களின் ஓடுகளில் அது அச்சாகவே வரும். வீட்டின் வயதை ஓட்டில் பார்க்கக்கூடாது. விளக்கிச் சொன்னேன், அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

அம்மா அதொன்றையும் கேட்கவில்லை. முன் அறையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்தக் காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரை, முகம் தெரிகிற மாதிரி மினுங்கியது. சுவரோரமாக ஒரு மூலை மட்டும் மங்கிக் கறுத்து, நீள்சதுரமாக, ஓரம் வெட்டியதுபோல இருந்தது. "எவ்வளவு பொலிஷ் போட்டாலும் அந்த மூல புடிக்கிறதில்ல அக்கா. வந்த நாள்ல இருந்து பாக்குறேன்" என்றா அன்ரி.

"எங்கட அலுமாரி நிண்ட இடம்" என்றா அம்மா.

அன்ரி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினா. அன்றைக்குத்தான் அம்மா முழுவதையும் சொன்னா, எனக்கும் முதல் தரமாக. கூட்டம் ஒழுங்கை முகப்புக்கு வந்தபோது அம்மம்மாவால் வாதக் காலோடு ஓட முடியவில்லை. பின்னால் அனெக்ஸில், வீட்டோடு சேர்ந்த சின்னப் பகுதியில், வாடகைக்கு இருந்த மட்டக்களப்பு மாஸ்டர் அவவைத் தூக்கிக்கொண்டு தெற்கு மதிலால் ஏற்றி இறக்கினார். அந்தப் பக்கம் வாங்கி இறக்கியவர் சிங்கள ஐயா. இரவு முழுக்க அவருடைய குசினிக்குள் இருந்தார்கள். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், அங்கிருந்து லங்கா கல்யாணி கப்பலில் காங்கேசன்துறை. முகாமில் மாஸ்டர் தன்னுடைய மாற்றுச் சேட்டை அம்மப்பாவுக்குக் கொடுத்தார். தண்ணீர் வரிசையில் நின்றவரைக் கண்டதுதான் கடைசி.

சிங்கள ஐயாவின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. அவருடைய பேரனிடம் போய் அம்மா கைகூப்பினா. மாஸ்டரின் பெயர் ஒன்றிலும் இல்லை. வாடகைக்கு இருந்தவருக்குள் வாடகைக்கு இருந்தவர் அவர். அந்தக் காலத்து வாக்காளர் இடாப்பையும் பார்த்தேன். 1983இல் கூட்டம் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்ததைக் கண்டவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதே இடாப்பை ஒருவரைத் தேடி நான் புரட்டியபோது கை கூசியது. எங்கள் இலக்கத்தின் கீழ் அம்மப்பா, அம்மம்மா, பெரிய மாமா, அம்மா. மாஸ்டர் வாக்கை ஊரிலேயே வைத்திருந்திருப்பார். பெயர் தெரியாமல் மரண அறிவித்தலில் தேடவும் முடியாது. தேடுகிற பக்கமாக அவர் வந்துவிடக்கூடாது என்ற பயமும் இருக்கிறது.

அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கணக்குப் படிப்பித்தவர். அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். லீவு முடிந்து உதயதேவி ரயிலில் திரும்பி வரும்போது தயிர் முட்டி கொண்டுவருவார். வெளியே போகும்போது அனெக்ஸ் கதவில் சோக்கால், எத்தனை மணிக்கு வருவேன் என்று எழுதிவிட்டுப் போவார், பள்ளிக்கூடக் கரும்பலகை எழுத்தில். கதவு இன்னும் அதே கதவுதான், பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் வெள்ளவத்தையில் அனெக்ஸில் இருந்த மட்டக்களப்பு மாஸ்டரை உங்கள் வீட்டில் யாராவது அறிந்திருந்தால் சொல்லுங்கள். பெயர் மட்டுமென்றாலும் போதும்.