‘போகி’க்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புடையீர்,

இலண்டனில் எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை யார்க் தேசிய இரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிரித்தானிய டீசல் எஞ்சின் பக்கத்தில் ‘கிளாஸ் 37க்கு இரண்டு போகி, ஒவ்வொன்றிலும் ஆறு சக்கரம்’ என்று எழுதியிருந்தேன். திருச்சியிலிருந்து வந்த ஓர் அம்மா படித்துவிட்டு, “எஞ்சினோட ரெண்டே ரெண்டு பெட்டிதானா?” என்றார். தமிழ்நாட்டில் போகி என்றால் ஆள் ஏறும் பெட்டி. இங்கே அது எஞ்சின் உடலுக்கு அடியில் தனியாகத் திரும்பும் பகுதி. ‘ஓஓ அளவு’ என்று சொல்லும் சிறிய எஞ்சின் மாதிரி ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து விரலால் தள்ளிக் காட்டினேன். உடல் அசையாமல் நிற்க, ஆறு சக்கரமும் சேர்ந்து திரும்பின. பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. சொல்தான் இல்லை. ‘சக்கரத் தொகுதி’ சரியா?

— ம.

*

ம. அவர்களுக்கு,

சரிவராது. ஓர் அச்சும் அதில் இறுக்கிய இரண்டு சக்கரமும் சேர்ந்ததுதான் சக்கரத் தொகுதி. கிளாஸ் 37இன் போகியில் அப்படி மூன்று உண்டு. அவற்றைத் தாங்கும் சட்டம், வில்கள், பிரேக், அச்சுக்கு ஒன்றாக மூன்று மின்மோட்டார் எல்லாம் அதற்குள் அடக்கம். உள்ளே இருக்கும் டீசல் இயந்திரம் மின்சாரம் ஆக்குகிறது, ஓட்டுவது அந்த மோட்டார்கள்தான். ஆனால் ‘ஓட்டு’, ‘இயக்கு’ என்று எதையும் சொல்லில் சேர்க்காதீர்கள். கிளாஸ் 40ஐப் பாருங்கள்: 133 டன் எடையைப் பரப்ப, ஒவ்வொரு போகியிலும் மோட்டார் இல்லாத அச்சு ஒன்று கூடுதலாக உண்டு. நீங்கள் காட்டியது போன்ற இன்றைய சிறு மாதிரிகளிலோ மோட்டார் உடலின் நடுவில் இருக்கிறது. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது சட்டம்தான். என் பரிந்துரை ‘சக்கரச் சட்டகம்’.

— இரா.

*

அன்பர்களே,

சக்கரம் வடசொல். நம்மிடம் ‘கால்’ இருக்கிறது. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் கால் என்பது தேரின் உருளைதானே? புறநானூறு 185 இன்னும் அருகில் வருகிறது: ‘கால்பார் கோத்து ஞாலத் தியக்கும் காவற் சாகாடு’. கால் உருளை, பார் வண்டியின் சட்டம். இரண்டையும் கோத்தால் வண்டி ஓடும். இரா. கேட்ட சட்டமும் ம. கேட்ட சக்கரமும் ஒரே தொடரில் கிடக்கின்றன. லகரம் பகரத்தின் முன் றகரமாகும்: காற்பார். பார் என்பதைப் பரு, பரவு, பரப்பு என்னும் சொற்குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கிறேன். எடையைப் பரப்பும் கிளாஸ் 40க்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

— புலவர் வே.

*

புலவர் ஐயா,

சொல் அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை ‘காற்பார்’ என்பதைக் ‘காலைப் பார்’ என்றுதான் வாசிக்கும். இங்கே பிறந்த பிள்ளைக்குப் புறநானூற்றைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் எஞ்சினைக் காட்ட வேண்டுமா? சக்கரம் எந்த மொழியிலிருந்து வந்தாலும் அவர்கள் வீட்டில் புழங்குகிற சொல்.

— தே.

*

தங்கச்சி ம.,

எங்கட ஊரில் பெட்டி எண்டால் பெட்டிதான், இந்தக் குழப்பம் இல்லை. 1981இல் பிரஷ் கொம்பனி இலங்கைக்குச் செய்து குடுத்த எம்7 எஞ்சின்களிலயும் இதே சாமான் இருக்கு. உடலுக்கு அடியில ஓடுற சின்ன வண்டிதானே? ‘அடிவண்டி’ எண்டு போடுங்கோ.

இன்னொண்டு. ‘ஓஓ அளவு’ எண்டு எழுதாதேங்கோ. எந்த அளவு? மாதிரியின்ர உடல் அசல் எஞ்சினில 76.2இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ரெண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்தாது. பிரித்தானிய எஞ்சின் உடல் சின்னது, அந்தக் காலத்து மோட்டார் உள்ளுக்கு அடங்கேல்லை. அதால தண்டவாளத்தை 87இல் ஒரு பங்குக் கணக்கில விட்டிட்டு உடலை மட்டும் பெருப்பிச்சவை. சரியான இடைவெளி 18.83. நான் ஒவ்வொரு அச்சா மாத்தி அந்தக் கணக்குக்குத்தான் கட்டுறன். முன்னால நிண்டு பார்த்தால் வித்தியாசம் கண்ணில குத்தும். உடலுக்கு ‘அளவுவீதம்’, பாதைக்கு ‘பாதையகலம்’ எண்டு ரெண்டு சொல் வேணும்.

— சி.

*

எல்லாருக்கும் நன்றி. நாளை அச்சு. சி. அண்ணாவின் மூன்று சொல்லையும் எடுத்துக்கொண்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘இங்கே போகி என்று சொல்லும் அடிவண்டி’ என்று எழுதியிருக்கிறேன். இரா. அவர்களும் தே. அக்காவும் தனிமடலில் ‘அடிவண்டி போதும்’ என்றார்கள்.

— ம.

*

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் அடியில் இருப்பதை மட்டுமே அந்தச் சொல் காட்டுகிறது, கோத்திருப்பதைக் காட்டவில்லை. டெல்டிக் என்ற பிரித்தானிய டீசல் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டியும்தான் தொங்குகிறது. அடுத்த பதிப்புக்குக் காற்பாரை மறக்க வேண்டாம்.

— வே.