நொண்டி, லங்டா, திவ்யாங்: உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள்?

சயான் பயணி:

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் மும்பை சயானில் ஸ்லோ லோக்கல் ரயில் பிடித்து மஸ்ஜித் பந்தருக்கு வேலைக்குப் போகிறேன். எங்களுக்கென்று ஒதுக்கிய டப்பா, அதாவது ரயில் பெட்டி, அதன் வெளியே இப்போது 'திவ்யாங்ஜன்' என்று எழுதியிருக்கிறது. முன்பு 'அபங்', 'விக்லாங்' என்றெல்லாம் இருந்தது. எதை எழுதினாலும் ஏறுகிறவர்கள் வாயில் அது 'ஹேண்டிகேப் டப்பா'தான். கர்ப்பிணிகளும் புற்றுநோய் உள்ளவர்களும்கூட இதில் ஏறலாம். அன்றைக்கு ஒரு தமிழ்ப் பெண், ஏழெட்டு மாதம் இருக்கும், கையில் ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். குழந்தை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. "அம்மா, அந்த மாமா காலில் ஏன் கம்பி?" என்று கேட்டதும் அந்தப் பெண் அதன் முகத்தை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பி, "ஷ்ஷ், பார்க்காதே, பாவம்" என்றார்.

அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு வலித்தது. தெருவில் 'லங்டா' என்று கத்துகிறவனைவிட அந்தப் 'பாவம்' ஆழமாக இறங்கியது. நான் தமிழில் பேசியதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பாப்பா, மாமாவுக்குச் சின்ன வயசில் போலியோ வந்தது, இந்தக் கால் சரியா வளரலை, அதனால இந்தக் கம்பி தாங்குது" என்றேன். குழந்தை யோசித்துவிட்டு, "வெயில்ல சுடுமா?" என்று கேட்டது. 44 வயதில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. சுடும். மே மாதத்தில் தொடையில் தழும்பே விழும். அதைச் சொன்னேன்.

நான் தாராவியில் பிறந்தவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் சந்தில் என் பேரில் மூன்று பேர் இருந்தோம். ஒருவன் பால்கார வீட்டுப் பையன், ஒருவன் நெட்டை, நான் நொண்டி. அடையாளத்துக்குத்தானே சொல்கிறோம் என்பார்கள். பால்கார வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்ததும் அந்த அடைமொழி உதிர்ந்துவிட்டது, எனக்கு இன்னும் உதிரவில்லை. அம்மா இதற்காகக் குழாயடியில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார். ஆனால் அதே அம்மா, குடத்தில் யாராவது இடித்துவிட்டால் "குருட்டுப் பயலே, கண்ணு தெரியலையா" என்றுதான் திட்டுவார். நானும் ஒன்றும் சுத்தமில்லை. பல வருடம் முன்னால் மஸ்ஜித் பந்தரில் கைவண்டி இழுக்கிற ஒருவர் வழி விடவில்லை என்று "பெஹ்ரா ஹை க்யா?" என்று கத்தினேன். இரண்டாவது தடவை கத்திய பிறகு பக்கத்துக் கடைக்காரர் சொன்னார், அவருக்கு உண்மையிலேயே காது கேட்காது என்று. அந்த முகம் இன்றும் மறக்கவில்லை. எனக்கு நடந்ததையே நான் இன்னொருவருக்குச் செய்தேன்.

எந்தச் சொல் சரி என்று வீட்டில் மச்சானோடு இரவெல்லாம் வாக்குவாதம். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மாட்டுங்கா அக்கா:

தம்பி, எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடர் வைத்து வேலை செய்கிறேன். எனக்கு 'பார்வையற்றவர்' போதும், அது நேராக இருக்கிறது.

'திவ்யாங்' விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 2015 டிசம்பரில் பிரதமர் மோடி 'மன் கீ பாத்' வானொலிப் பேச்சில் அந்தச் சொல்லைச் சொன்னார், மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல அப்போதே எதிர்த்தன. தெய்வீக அங்கம் என்று பொருள். அந்தச் சொல் பரவியதற்கு அப்புறம் ரயிலில் ஒரு அம்மா என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார், என்னிடம் கேட்காமலே. தாதரில் இறங்கும்போது அதே அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். கும்பிடுவதற்கு ஆள் இருக்கிறது, வழி விடுவதற்கு இல்லை.

நம்முடைய 'மாற்றுத்திறனாளி'யிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் என்னிடம் ஏதோ விசேஷத் திறமை இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். "பாடுவீங்களா?" என்று கேட்காத உறவினரே இல்லை. எனக்குச் சுட்டுப்போட்டாலும் பாட்டு வராது. வட்டிக் கணக்கு வரும், அதை யாரும் கேட்கமாட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் நம் மாதிரி 2 கோடியே 68 லட்சம் பேர். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. அத்தனை பேருக்கும் ஒரே சட்டையா?

அப்புறம் ஒன்று. நடைமேடையில் எங்கள் டப்பா நிற்கிற இடத்தில் 'பீப் பீப்' என்று ஒரு ஒலி வரும். அதை வைத்துத்தான் நான் ஏறுகிறேன். அது வேலை செய்யாத நாளில் நான் எவ்வளவு அலைகிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதைச் சரி செய்கிறவர் என்னைக் குருடி என்று சொன்னால்கூட அன்றைக்குப் பொறுத்துக்கொள்வேன். இல்லை, இப்படி எழுதியது தப்பு. இரண்டும் வேண்டும் எனக்கு.

செம்பூர் அப்பா:

அக்கா சொன்னதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், மன்னிக்கணும். என் மகளுக்குப் பெருமூளை வாதம், சக்கர நாற்காலி. அவளுடைய பழைய சான்றிதழில் 'ஊனமுற்றோர்' என்று இருந்தது. ஊருக்குப் போனால் "இது ஊனம்" என்று அஃறிணையில்தான் பேசுவார்கள், "அது சாப்பிடுமா?" என்று அவள் எதிரிலேயே கேட்பார்கள். கலைஞர் முதல்வராக இருந்தபோது 'மாற்றுத்திறனாளி' என்று அரசாணையிலும் பலகையிலும் மாறியது, கொஞ்ச வருடத்தில் ஊர் வாயிலும் மாறியது. ஒரு தடவை கோயிலில் வரிசையைக் கவனிக்கிற பையன், "மாற்றுத்திறனாளி வர்றாங்க, வழி விடுங்க" என்றான். 'வர்றாங்க' என்றான்! என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். சொல்லின் கடைசியில் அந்த 'ஆளி' இருப்பதால் 'அது' என்று சொல்ல வாய் வராது, தொழிலாளி, படைப்பாளி மாதிரி. தமிழ்நாட்டில் வளர்ந்த சொல், மும்பையில் இருக்கிற எங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. அதில் குறை இருக்கலாம், ஆனால் அது எங்களுக்கு எதைக் கொடுத்தது என்பதையும் பார்க்கவேண்டும்.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் 'கிரிப்பிள்', 'ஸ்பாஸ்டிக்' போன்ற சொற்கள் இழிவான பொருள் ஏறிப்போனவை என்று சொன்னது, மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் மகளுடைய மருத்துவக் காகிதத்தில் வெறும் நோய்ப்பெயராக இருந்த அந்த 'ஸ்பாஸ்டிக்'கை, கீழ் வீட்டுக் கல்லூரிப் பையன்கள் கிரிக்கெட்டில் கேட்ச் விட்டவனைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அதைக் கேட்கிறாள். அவளுக்கு 19 வயது, எல்லாம் புரியும்.

குர்லா ஈஸ்ட்:

எங்கள் சொசைட்டி மீட்டிங்கில் வாசலில் சாய்தளம் கேட்டேன். ஒருவர் எல்லோர் முன்னாலும் "ஒரு லங்டாவுக்காக நாற்பது குடும்பம் பணம் கட்டணுமா" என்றார். அக்கா சொன்ன 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவில், பொது இடத்தில் ஊனமுற்றவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறை உண்டு. அதை அச்செடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். அங்கே இருந்தவருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியவில்லை. என்.சி. என்று, அதாவது வழக்காகப் பதியாத வெறும் புகார்க் குறிப்பாக, ஒரு தாளில் எழுதிக்கொடுத்து அனுப்பினார். சாய்தளம் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த மனிதர் இப்போது மீட்டிங்கில் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், பக்கத்தில் 'ஜி' வேறு.

கைப்பேச்சு:

என் அப்பா அம்மா இரண்டு பேருக்குமே காது கேட்காது. நாங்கள் இருப்பது சயான் கோலிவாடா. எங்கள் வீட்டுக்கு விலாசமே 'கூங்கே கா கர்'தான், தபால்காரர் முதல் கேஸ்காரர் வரை. தமிழ்க்காரர்கள் 'ஊமை வீடு'. எனக்கு எட்டு வயசிலிருந்து அப்பாவுக்கு நான்தான் குரல். கடையிலும் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் "உங்க ஊமை அப்பா" என்று சொல்லும்போது அதை நான் கையால் அப்பாவுக்குச் சொல்லவேண்டும். சொல்லமாட்டேன், வேறு எதையாவது சொல்லிவிடுவேன். அப்பா ஊமை இல்லை, அவர் கையால் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்.

'செவித்திறன் குறைபாடு உடையோர்' என்று நாகரிகமாக எழுதுகிறார்களே, அதுவும் அப்பாவுக்குப் பிடிக்காது. குறைபாடு எங்கே இருக்கிறது, எனக்கு மொழி இருக்கிறது, உனக்கு அது தெரியாது, அவ்வளவுதான் என்பார். 'காது கேளாதவர்' என்றால் சரி என்பார்.

இதில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சைகை மொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. அது பெரும்பாலும் உடம்பில் கண்ணில் படுகிற ஒன்றாகத்தான் இருக்கும். அப்பாவுக்குத் தாடையில் வெட்டுத் தழும்பு, அதனால் தாடையில் விரலால் ஒரு கோடு இழுத்தால் அது அப்பா. தொப்பை, வழுக்கை, மாறுகண், இப்படியெல்லாம் பெயர் இருக்கும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எனக்கே சின்ன வயசில் இது குழப்பமாக இருந்தது, ஊமை என்றால் அழுகிறோம், தழும்பு என்றால் சிரிக்கிறோமே என்று.

முலுண்ட் வாசி:

எனக்கு உடம்பில் எந்தக் குறையும் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம், நிஜமாகவே கேட்கிறேன். ஒருவருக்குத் திவ்யாங் பிடிக்கவில்லை, ஒருவருக்கு மாற்றுத்திறனாளி பிடிக்கிறது, இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழிகூடச் சொல்லக்கூடாதா? எதைச் சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று பயந்து நான் பேசாமலே போய்விடுகிறேன். அலுவலகத்தில் காலில் காலிப்பர் கம்பி போட்ட ஒருவர் இருக்கிறார், மூன்று வருடமாகச் சிரிப்போடு சரி.

சயான் பயணி:

முலுண்ட் நண்பரே, நீங்கள் கேட்டது நல்லதுதான். பழமொழி விஷயத்தில் என் கருத்து இது: வீட்டில் நாலு பேர் இருக்கும்போது அதைச் சொன்னால் யாரும் செத்துப்போகமாட்டார்கள், ஆனால் கைப்பேச்சு வீட்டு வாசலில் நின்று சொல்ல உங்களுக்கே வாய் வராது. எங்கே வாய் வராதோ அதை மற்ற இடத்திலும் விட்டுவிடலாம். தமிழில் அதே பொருளுக்கு 'விழலுக்கு இறைத்த நீர்' இருக்கிறது, குறைந்தா போய்விடுவோம்? அந்த அலுவலக நண்பர் பேர் உங்களுக்குத் தெரியும் இல்லையா, அதைச் சொல்லிக் கூப்பிட்டு டீ குடிக்கப் போங்கள். மெதுவாக நடக்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான். வேறு சொல் தேவைப்படும் நாளில் அவரிடமே கேளுங்கள், எங்களில் பலருக்கு அது பிடிக்கும். செம்பூர் அண்ணன், மாட்டுங்கா அக்கா இரண்டு பேரும் சொன்னதை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன், அவர் அண்ணன் பக்கம், நான் அக்கா பக்கம், சண்டை முடியவில்லை.

கைப்பேச்சு எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்றைச் சொல்லவேண்டும் என்று இருக்கிறது. நான் கத்தினேனே, அந்தக் கைவண்டிக்காரர், அவரை அதற்கப்புறம் தினமும் பார்க்கிறேன். ரொம்ப நாள் கண்ணைப் பார்க்கவே கூச்சம். ஒரு மழை நாளில் என் ஸ்டிக் வழுக்கி நான் விழுந்தபோது வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் தூக்கினார், அன்றிலிருந்து பழக்கம். கடைப் பையன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சைகை கற்றுக்கொண்டேன். முதலில் கற்றுக்கொண்டது 'மன்னிப்பு'. எதற்கு என்று அவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது, அவருக்கு அது நினைவிலேயே இல்லை, ஒரு நாளைக்கு இருபது பேர் அப்படிக் கத்துகிறார்கள் என்றார்.

அவர் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். உள்ளங்கையில் இரண்டு விரலை நடக்கவிட்டு ஒரு விரலை மட்டும் இழுத்துக்கொண்டு போவார். அதுதான் நான். நொண்டி என்பதும் அதே பொருள்தான். முதல் தடவை பார்த்தபோது ஒரு நொடி திக்கென்றது, பிறகு அவர் அதைச் செய்யும்போது முகத்தைப் பார்த்தேன். இப்போது மஸ்ஜித் பந்தர் பாலத்திலிருந்து நான் இறங்கும்போது, தெருவின் அந்தக் கோடியிலிருந்து, வண்டியின் மேல் ஏறி நின்று, கையை உயர்த்தி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். நானும் ஸ்டிக்கை இடுக்கிக்கொண்டு அவர் பெயரைச் சொல்கிறேன். அவருக்குப் புருவத்தில் ஒரு மச்சம்.