சித்திர சேரின் பாட்டுக் கொப்பிகள்: பாடியவர்களின் உதவி தேவை

அன்பான திருகோணமலை உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் ஓவிய ஆசிரியர் சித்திர சேர் காலமானபின் நடந்த அந்தியேட்டிச் சடங்குக்கு ஊருக்குப் போன என் தம்பி, அவருடைய மகளிடம் கேட்டு மூன்று கொப்பிகள் வாங்கி வந்திருக்கிறான். நனைந்து காய்ந்து அப்பளம் மாதிரி நெளிந்த கொப்பிகள். ஒரு மாதமாக வேலை முடிந்து வந்து, இரவில் அவற்றைப் பார்த்துப் படியெடுக்கிறேன்.

சேர் எந்தப் பாட்டையும் முதலில் பென்சிலால்தான் எழுதுவார். வெட்டி, சொல் மாற்றி, மேசையில் தாளம் தட்டிப் பார்த்து, மனம் நிறைந்த பிறகே மைப்பேனையால் நல்ல பிரதி. 2004 டிசம்பர் 26 அன்று கடல் சேரின் உப்புவெளி வீட்டுக்குள் வந்து போனபோது மை முழுக்கக் கரைந்துபோனது. பென்சில் அப்படியே நிற்கிறது. அவர் வேண்டாம் என்று வெட்டிய சொற்கள்தான் இப்போது என் கையில் இருக்கின்றன.

ஓவியங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தூள் வர்ணத்தை வச்சிரப் பசையில் குழைத்து மல்லுத்துணியில் தீட்டிய நாடகச் சீன் திரைகள் எல்லாம் போய்விட்டன. கோணேசர் மலை சீன் ஞாபகம் இருக்கிறதா? சாமான் தட்டுப்பாட்டுக் காலம். கடலுக்கு நீல வர்ணம் எந்தக் கடையிலும் இல்லை. வேட்டிக்குப் போடும் நீலத்தை வாளியில் கரைத்துப் பூசினார். வாளி பிடித்தவன் நான். ஒரு கிழமை என் விரல்கள் நீலமாகவே இருந்தன. மேடையில் லைற் பட்டதும் அந்தக் கடல் ஈரமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நாட்டில் எத்தனையோ ஓவியம் பார்த்துவிட்டேன். அந்த ஈரத்தை எங்கும் காணவில்லை.

1950இல் கிணறு வெட்டும்போது கோணேசர் கோயிலின் பழைய விக்கிரகங்கள் வெளிவந்தனவே, அப்போது சேர் சின்னப் பிள்ளை. தகப்பனின் தோளில் இருந்து பார்த்துவிட்டு வந்து, அடுப்புக்கரியால் வீட்டுச் சுவரில் கீறினாராம். தகப்பன் அடித்தார். தாய் அந்தச் சுவரை மட்டும் கடைசிவரை வெள்ளையடிக்க விடவில்லை.

நான் ஒருமுறை ‘தென்றல்’ என்று பாட்டெழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். “தென்றல் புத்தகத்தில வாறது. எங்கட முற்றத்தில வாறது கச்சான் காத்து. கண்ணுக்குள்ள மண் விழும். அந்த மண்ணை எழுதும்” என்றார். மாணவனையும் ‘நீர்’ என்றுதான் சொல்லுவார்.

இனி என் வேண்டுகோள். சம்பந்தர் கடல் கடக்காமல் இராமேசுவரத்தில் நின்றே கோணமாமலையைப் பாடினார் என்பது ஐதீகம். 1983 கலவரத்துக்குப் பிறகு ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாடு போகப் போக, சேர் அதை வைத்து ஒரு குழுப்பாட்டு எழுதினார். மூன்றாவது கொப்பியில் அது இருக்கிறது. இரண்டாவது சரணத்தில், மலையைப் பற்றிய வரியில், ‘நினைந்து’ என்று எழுதி வெட்டியிருக்கிறார். மேலே ‘அழைத்து’. அதையும் வெட்டியிருக்கிறார். ஓரத்தில் ‘சுமந்து’. அதற்கும் கோடு. நாலாவதாக எந்தச் சொல்லைப் போட்டார்?

முன்வரிசையில் நின்று பாடிய அக்காமாரே, உங்களில் ஆருக்காவது அந்தச் சொல் வாயில் வரும். மனதுக்குள் தேடாமல் மெட்டோடு பாடிப் பாருங்கள், தானாக வரும். வந்ததும் வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்புங்கள். குரல் கரகரத்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
வடக்கு லண்டனிலிருந்து உங்கள் தம்பி